குடைக் கம்பெனியில் ஒரு காலி இடம்

இல்லாத ஒரு கம்பெனியில் ஒரு மனிதருக்கு வேலை கொடுத்துவிட்டாள் எங்கள் பராக்கு அக்கா. அவரும் திங்கட்கிழமை சேர்ந்துகொள்வதாக வீட்டில் சொல்லிவிட்டார். விஷயம் என் காதுக்கு வந்தபோது வெள்ளிக்கிழமை மதியம். சாப்பாட்டு டப்பாவை அப்போதுதான் திறந்திருந்தேன். அன்று சாப்பிட்ட மாதிரிதான்.

எங்கள் ஆபீஸ் ஒரு செருப்புக் கடைக்கு மேலே, மாடியில். படியேறும்போதே புதுத் தோல் வாசனை கூடவே ஏறி வரும். நாங்கள் ஒரு சாஃப்ட்வேர் விற்கிறோம். பெரிய பெரிய கம்பெனிகளுக்கு நாங்கள் தேவையில்லை. பத்துப் பேர், இருபது பேர் வேலை செய்கிற பட்டறை, பிரஸ், பேக்கரி, இவர்களுக்குத்தான். யார் எந்த வேலையை எப்போது முடிக்க வேண்டும் என்று திரையில் சின்னச் சின்ன கார்டுகளாகக் காட்டும். ஆரம்பிக்காத வேலை இடது பக்கம், நடக்கிற வேலை நடுவில், முடிந்தது வலது பக்கம். விரலால் தள்ளினால் நகரும். கெடு தாண்டினால் சிவப்பாகும். இதற்கு மேல் அதில் ஒரு சூட்சுமமும் கிடையாது. "எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிஞ்சா போதும், இதை ஓட்டலாம்" என்று சார் எல்லோரிடமும் சொல்வார். சார்தான் முதலாளி. தங்கமான மனிதர், வாயைத் திறந்தால் மூடுவதற்குள் நமக்குப் பஸ் போய்விடும். நான் போன் எடுப்பவள். "மேடம், என் கார்டு காணோம்" என்று பதறுகிறவர்களுக்கு அது எங்கே இருக்கிறது என்று சொல்வேன். முக்கால்வாசி நேரம் அவர்களே தள்ளிவிட்டிருப்பார்கள், பழி எங்கள் தலையில் விழும்.

அக்காவுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. முதலில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட், பிறகு ஒரு லாரி ஆபீஸில், இப்போது எங்களோடு. சின்ன வயதிலிருந்தே ஜன்னல் பக்கம்தான் கண். "பராக்குப் பார்க்காதே" என்று டீச்சர் கத்திக் கத்தியே அது பேராக ஒட்டிக்கொண்டதாம். இதை அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறையில் இருக்கிறாள். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று ஒருமுறை வாய் விட்டுக் கேட்டேன். "வீட்ல பேசிட்டுதான் இருந்தாங்க. நான் கவனிக்கல போல" என்றாள். அவளுடைய அண்ணி என்னிடம் ஒருநாள் சொன்னாள்: "உங்க அக்காவை அடுப்புல பாலை வெச்சுப் பக்கத்துல நிக்கச் சொல்லிப் பாரு. பால் பொங்கும், அடுப்பு அணையும், இவ மட்டும் அப்படியே நிப்பா." திட்டுகிற மாதிரி சொன்னாலும் குரலில் பிரியம் இருந்தது.

அக்காவுக்கு ஒரே ஒரு ஆசை. மதிய வேளையில் போன் ஓய்ந்திருக்கும்போது சொல்லியிருக்கிறாள்.

"எனக்குன்னு ஒரு சின்ன கம்பெனி இருந்தா நல்லா இருக்கும்டி. நாலஞ்சு பேர் போதும். காலைல நான் போய்க் கதவைத் தொறக்கணும்."

"என்ன கம்பெனிக்கா?"

"அது தெரியல. கதவு மட்டும் தெரியுது."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

எங்கள் சாஃப்ட்வேரை முதல்முதலாகத் திறக்கிறவருக்கு வெற்றுத் திரை தெரிந்தால் பயந்து ஓடிவிடுவார். அதனால் உள்ளே ஒரு மாதிரிக் கம்பெனி வைத்திருப்போம். யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம், கார்டுக்குக் கீழே கமென்ட் எழுதலாம், கார்டைத் தள்ள மட்டும் முடியாது. "ஏதாவது ஒரு கம்பெனி மாதிரி அடிச்சு வைங்கம்மா" என்று சார் அக்காவிடம் சொன்ன அன்று வெளியே நல்ல மழை. கீழே செருப்புக் கடை வாசலில் ஒரு கூட்டம் ஒண்டி நின்றது. அக்கா ஜன்னலைப் பார்த்தாள், திரும்பினாள், குடைக் கம்பெனி என்று அடித்தாள். கைக்குடை இல்லை. கடை வாசலிலும் தெருவோர வண்டிகளுக்கு மேலும் நட்டு வைப்பார்களே, அந்தப் பெரிய குடை. துணி வெட்ட ஒருவர், ஒரு தையல்காரம்மா, நடுத்தடி பொருத்த ஒரு பெரியவர், கம்பி வளைக்க ஒருவர், டெலிவரிக்கு ஒரு வண்டிக்காரர். அவ்வளவு பேர்தான்.

தேதி பழசாகிவிட்டால் மாதிரி செத்துப்போனது போல இருக்கும் என்று, வாரா வாரம் தேதியை மட்டும் தள்ளிவிடச் சொன்னார் சார். வேறு யாராக இருந்தாலும் டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவார்கள். அக்காவுக்கு மனசு வரவில்லை. "அதெப்படி, போன வாரம் தைச்ச துணியையே இந்த வாரமும் உக்காந்து தைப்பாங்களா?" என்றாள். தைத்ததை முடிந்த பக்கம் தள்ளினாள். புது வேலை எழுதினாள். அப்படித்தான் அந்தக் கம்பெனிக்கு உயிர் வந்தது. ஒரு பள்ளிக்கூடம் மைதானத்துக்குக் குடை கேட்டது. ஐஸ் வண்டிக்காரர் கோடு போட்டது கேட்டார், பிறகு மனசு மாறி வெறும் மஞ்சள் போதும் என்றார். தையல்காரம்மாவுக்கு ஊசி கோக்கக் கண் தெரியவில்லை, ஒருநாள் லீவு போட்டுப் புதுக் கண்ணாடி வாங்கி வந்தார். பெரியவருக்கு முட்டி வலி.

"தையல்காரம்மாவுக்கு இந்த மாசம் போனஸ் உண்டாக்கா?" என்று சீண்டுவேன்.

"கேட்டிருக்காங்க. பார்க்கலாம்" என்பாள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அந்தக் கம்பெனிக்கென்று ஒரு பருவம் உண்டு. வெளியே மழை கொட்டினாலும் சரி, வெயில் மண்டையைப் பிளந்தாலும் சரி, அங்கே எப்போதும் மழைக்கு முந்தின மாதம்தான். குடை செய்கிறவர்களுக்கு அப்போதுதான் வேலை நெருக்கும் என்பாள். காற்று கொஞ்சம் ஈரமாக வீசும், ஆனால் ஒரு சொட்டு விழாது. தகரக் கூரையில் நடுநடுவே கண்ணாடித் தகடு பதித்திருக்கும். தைத்து முடித்த குடைகளை விரித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டிருப்பார்கள். நீலத் துணிக்குக் கீழே நின்றால் கை நீலமாகத் தெரியும், மஞ்சளுக்குக் கீழே வந்தால் மஞ்சள். தையல்காரம்மா நூலெடுக்க எழுந்து போய் வருவதற்குள் அவர் முகம் நாலு நிறம் மாறும். "அடியில உக்காந்து சாப்பிட்டா சாப்பாடுகூட மஞ்சளாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அக்கா ஜன்னலைப் பார்க்கத் தொடங்கிவிடுவாள். திரையில் இவை எதுவும் கிடையாது. வெறும் கார்டுகள்தான்.

எனக்கு இந்த மாதிரி சங்கதியெல்லாம் ஆகாது. கனவு காண்கிறவர்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும், அவர்கள் வேலையையும் சேர்த்து நம் தலையில் கட்டுவார்கள். ஆனாலும் எதிர்முனையில் யாராவது காது கிழியக் கத்தும்போது, போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு அக்காவின் திரையைப் பார்ப்பேன். எங்கோ ஒரு தையல் மெஷின் ஓடி ஓடி நிற்கிற சத்தம் கேட்கிற மாதிரி இருக்கும். துணி மடிக்கிற சத்தம். யாரோ யாரையோ டீக்குக் கூப்பிடுவது. சீ, நம்மையும் பைத்தியமாக்கிவிடுவாள் என்று திரும்பிக்கொள்வேன்.

வில்லங்கம் சிவப்புக் கார்டில் ஆரம்பித்தது. "மாதிரியில எப்பவும் ஒரு சிவப்பாவது இருக்கணும்மா. லேட் ஆனா காட்டிக் குடுக்கும்ங்கறதுதான் நம்ம சரக்கே" என்றார் சார். அக்காவுக்கு முகம் தொங்கிவிட்டது. யாரை லேட் என்று சொல்வது? எல்லோரும் ஒழுங்காக வேலை செய்கிறார்களே. பெரியவரைச் சொன்னால் பாவம், முட்டி வலி. தையல்காரம்மாவைச் சொல்ல மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. கடைசியில் கம்பி வளைப்பவருக்கு வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்துவிட்டதாக எழுதி, வாழ்த்தி அனுப்பிவைத்தாள். அதிலிருந்து கம்பி வேலை மட்டும் தேங்கிச் சிவப்பாகவே இருந்தது. ஆளே இல்லாததற்கு யாரைத் திட்ட முடியும்? அக்காவுக்கு நிம்மதி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சும்மா சோதித்துப் பார்ப்பவர்கள் மாதிரிக் கம்பெனியில் கண்டதையும் எழுதுவார்கள். ஹலோ, டெஸ்ட், யாராவது இருக்கீங்களா. ஒருவர் வேறு யாருக்கோ அனுப்ப வேண்டிய கொஞ்சலை இங்கே போட்டுவிட்டு ஓடிப் போனார். எல்லாவற்றுக்கும் அக்கா குடைக் கம்பெனி சார்பில் பதில் எழுதுவாள். கமென்ட் வேலை செய்கிறது என்று வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டுமே. சிலர் விளையாட்டுக்கு ஆர்டர்கூடக் கொடுப்பார்கள், இவளும் விலை சொல்வாள். ஆகவே அந்தச் சிவப்புக் கார்டுக்குக் கீழே ஒருவர், "கம்பி வளைக்க இன்னும் ஆள் கிடைக்கலையா?" என்று எழுதியபோது, "தேடிக்கிட்டே இருக்கோம்" என்று பதில் போட்டாள். மறுநாள், "எனக்குக் கம்பி வேலை தெரியும். நான் வரலாமா?" என்று இருந்தது. எவ்வளவு அழகாக விளையாடுகிறார் இந்த மனிதர் என்று அக்காவுக்கு ஒரே சந்தோஷம். "தாராளமா வாங்க. திங்கட்கிழமை சேர்ந்துக்கலாம். டீ நாங்களே தருவோம்" என்று எழுதிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் போன் அடித்தது.

"குடைக் கம்பெனிங்களா?" ஆண் குரல், தயங்கித் தயங்கி.

"இது சாஃப்ட்வேர் கம்பெனி. சொல்லுங்க."

"அந்த ஆப்ல இருந்துதான் நம்பர் எடுத்தேங்க. திங்கக்கிழமை கம்பி வேலைக்கு வரச் சொல்லியிருந்தீங்க. எத்தனை மணிக்கு வரணும்னு கேக்கத்தான். டூல்ஸ் நான் கொண்டு வரணுமா, அங்கயே இருக்குமா?"

நான் சிரித்துவிட்டேன். யாரோ கேலி செய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அப்போது அவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "யூனிஃபார்ம் உண்டான்னு கேளுங்க, இல்லன்னா நீலச் சட்டையை இஸ்திரி போட்டு வெக்கறேன்" என்றது. என் சிரிப்பு நின்றுவிட்டது.

உங்களுக்கு இந்த ஆப் எப்படி வந்தது என்று கேட்டேன். இரும்புக் கேட்டும் கிரில்லும் செய்கிற ஒரு பட்டறையில் வேலை பார்த்தாராம். முதலாளி எங்கள் சாஃப்ட்வேரை எல்லோர் போனிலும் போட்டுக் கொடுத்திருக்கிறார். கொஞ்ச நாளில் பட்டறையே மூடிவிட்டது. முதலாளியின் கார்டுகள் போய்விட்டன. குடைக் கம்பெனி மட்டும் போனில் தங்கிவிட்டது. "அது மட்டும் தினமும் ஓடிக்கிட்டே இருந்துச்சுங்க. முதலாளிக்குத் தெரிஞ்ச கம்பெனி போலன்னு நினைச்சேன்" என்றார். திரையின் உச்சியில் 'மாதிரி' என்று சின்ன எழுத்தில் போட்டிருப்போம். சின்ன போன்களில் அது மேல் விளிம்புக்குள் மறைந்துவிடுகிறது என்பது, எங்களுக்குப் புரோகிராம் எழுதித் தருகிற பையனுக்கே அன்றுதான் தெரிந்தது. எந்நேரமும் காதில் ஹெட்போன் மாட்டியிருப்பதால் அவனுக்கு ஹெட்போன் என்றே பேர். யார் சொல்லி அவன் காதில் ஏறியிருக்கும்?

ரிசீவரை அக்காவிடம் நீட்டினேன். கேட்கக் கேட்க அவள் முகம் வெளுத்தது. உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். அவளோ எங்கள் ஆபீஸ் முகவரியைச் சொல்லி, "ஒன்பதரைக்கு வாங்க" என்றாள்.

"போகாத ஊருக்கு வழி சொல்றவங்களைப் பார்த்திருக்கேன். நீங்க இல்லாத ஊருக்கு ஆளையே அனுப்பறீங்களேக்கா!" என்று கத்தினேன்.

"போன்ல எப்படிடி சொல்றது? அவர் சம்சாரம் பக்கத்துலயே நிக்கறாங்க. நேர்ல சொல்லிடறேன்."

சார் விஷயம் தெரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "மன்னிப்புக் கேட்டு, ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடுங்கம்மா. இனிமே கமென்ட்டுக்குப் பதிலே எழுத வேணாம்" என்றார். அவ்வளவு சுருக்கமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

திங்கட்கிழமை அவர் ஒன்பதுக்கே வந்துவிட்டார். ஐம்பதை நெருங்குகிற ஆள், நெடுநெடுவென்று. நீலச் சட்டையில் இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நின்றது. புதிதாக முகம் வழித்ததில் தாடையில் ஒரு கீறல். கையில் ஒரு கனத்த பை. எங்கள் நாலு மேசையையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "பட்டறை பின்னாடிங்களா?" என்று கேட்டார்.

அக்கா ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"அந்தக் கம்பெனி இல்லைங்க."

"மூடிட்டாங்களா?" என்றார் அவர். அவருக்குத் தெரிந்தது அதுதானே.

"மூடலைங்க. இருந்ததே இல்ல. ஜனங்க பார்த்துக் கத்துக்கறதுக்காக நான் எழுதினது."

அவர் பையைக் கீழே வைத்தார். "தையல்காரம்மா?"

"அவங்களும் நான்தான்."

"புதுக் கண்ணாடி வாங்கினாங்களே?"

"நான்தாங்க எழுதினேன்."

"பெரியவருக்கு முட்டி வலின்னு இருந்துச்சே. வெந்நீர் ஒத்தடம் குடுக்கச் சொல்லி நான்கூட எழுதினேன்."

"பார்த்தேன். நன்றின்னு பதில் போட்டேன்."

"ஆமா" என்றார். "அவர் சொன்னதா நினைச்சேன்."

எனக்கு அக்கா மேல் கோபம் கோபமாக வந்தது. அந்த மனிதர் மேலும் வந்தது. இந்தக் காலத்தில் இப்படியும் ஓர் ஆள் எதையும் நம்பிக்கொண்டு இருப்பாரா என்று. கோபத்துக்கு அடியில் அழுகை இருந்தது, அதைக் காட்டக் கூடாது என்று யாரும் கேட்காமலே டீ சொல்லப் போனேன்.

திரும்பி வந்தபோது அவர் பேசிக்கொண்டிருந்தார். "பட்டறை மூடினப்புறம் காலைல எழுந்தா போறதுக்கு இடம் இல்லைங்க. அதைத் தொறந்து பார்ப்பேன். இன்னிக்கு எது முடிஞ்சுது, எது ஆரம்பிச்சிருக்குன்னு. அங்க யாரும் யாரையும் திட்டறதில்ல. மஞ்சக் குடை எல்லாம் வரிசையா காயுதுன்னு நினைச்சுக்குவேன். கொஞ்ச நேரம் நல்லா இருக்கும்."

அக்கா நாற்காலியில் நிமிர்ந்தாள். குடைகள் தொங்குவதை அவள் எந்தக் கார்டிலும் எழுதியது கிடையாது. என்னைத் தவிர யாரிடமும் சொன்னதும் கிடையாது. தான் மட்டும் தனியாக உலாவுகிறோம் என்று நினைத்திருந்த இடத்தில் இன்னொருவரும் இத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவளுக்கு அந்த நிமிடத்தில்தான் உறைத்திருக்க வேண்டும். கண் நிறைந்துவிட்டது.

"நானும் ஒண்ணு சொல்லிடறேங்க" என்றார் அவர், பையைப் பார்த்துக்கொண்டே. "எனக்கும் குடைக் கம்பி வளைக்கத் தெரியாது. கேட்டு, கிரில்லு இதுதான் தெரியும். சொன்னா வேலை குடுக்க மாட்டீங்களேன்னு சொல்லல."

கம்பெனியும் பொய், கம்பிக்காரரும் பொய். முதலில் சிரித்தது அக்காதான். பிறகு அவர். சார்கூடச் சிரித்தார். ஹெட்போன் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு என்ன என்ன என்று கேட்டான். சிரிப்பு அடங்கியதும் அவர் தாடையிலிருந்த கீறலைத் தடவினார்.

"வீட்ல சொல்லிட்டேனே" என்றார்.

பையை எடுத்துக்கொண்டு படி வரைக்கும் போனார். இறங்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"நான் வந்து சொல்றேங்க. தப்பு என்னோடது. நீயும் வாடி."

எனக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று முனகிக்கொண்டேதான் போனேன்.

ஒரு சந்தின் கடைசியில், இரண்டு அறை வீடு. ஜன்னல் விளிம்பில் சின்னக் கண்ணாடியும் ரேசரும் எடுத்து வைக்காமல் அப்படியே கிடந்தன. அவர் சம்சாரம் ஒரு சலவைக் கடையில் மதிய ஷிஃப்ட் போகிறவர். துணி மடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "என்னங்க, முதல் நாளே திரும்பி வந்துட்டீங்க?" என்றார். கேட்கும்போதே குரல் இறங்கிவிட்டது.

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். மாதிரி என்றால் என்ன, சிவப்பு ஏன், கமென்ட்டுக்கு எதற்குப் பதில் போட்டாள், ஒன்றையும் விடவில்லை. அவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்றார். அந்தம்மா கையில் பாதி மடித்த துணியோடு கேட்டுக்கொண்டிருந்தார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியதுதான், நியாயம்தானே.

"குடை செஞ்சதில்லைன்னு நீங்களும் சொல்லிட்டீங்களா?" என்று கணவரைக் கேட்டார்.

"சொல்லிட்டேன்."

அந்தம்மா துணியை முழுசாக மடித்து வைத்துவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினார்.

"பட்டறை மூடினதுக்கப்புறம் இன்னிக்குத்தாங்க இவரு ஷேவ் பண்ணினாரு. நேத்து டூல்ஸையெல்லாம் எடுத்து எண்ணெய் போட்டுத் தொடைச்சாரு. பாட்டு முணுமுணுத்தாரு. இல்லாத கம்பெனியோ என்னமோ, ரெண்டு நாளு எனக்கு என் மனுஷன் திரும்பிக் கெடைச்சாரு. உங்களை நான் ஒண்ணும் சொல்லல." கணவரை ஒருமுறை பார்த்தார். "ஆனா நாளைக்குக் காலைல நான் என்ன சொல்லி இவரை எழுப்பறது? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க."

அக்கா ஜன்னலைப் பார்க்கவில்லை. அந்தம்மாவின் முகத்தையே பார்த்தாள். நான் அவளை அறிந்த இத்தனை வருஷத்தில் யாரையும் அப்படி நேருக்கு நேர் பார்த்து நான் கண்டதில்லை.

"எட்டரைக்கு வேலைக்குப் போகணும்னு சொல்லி எழுப்புங்க" என்றாள். "அட்ரஸ் எழுதித் தரேன்."

பஸ்ஸில் எனக்குப் பொறுக்க முடியவில்லை.

"எந்த அட்ரஸ் எழுதிக் குடுத்தீங்க?"

"அண்ணன் வீட்டுது. கார் ஷெட் சும்மாத்தானே கிடக்கு. அவங்க காரை வித்து எவ்வளவு நாளாச்சு."

"உங்களுக்குக் குடை செய்யத் தெரியுமா?"

"தெரியாது."

"அவருக்கும் தெரியாது."

"ஆமா."

"அண்ணிக்காவது தெரியுமா?"

"அண்ணிக்கு இன்னும் விஷயமே தெரியாது" என்றாள். பயம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. ஸ்டாப் வரும் வரைக்கும் விடவில்லை.

அண்ணி ஆடித் தீர்த்தாள், பிறகு அவளே ஷெட்டைப் பெருக்கினாள். முதல் குடை வெகுநாள் விரியவே இல்லை. கேட்டுக்குப் போடுகிற கம்பியைப் போட்டதில் தூக்கவே ரெண்டு பேர் வேண்டியிருந்தது. விரிந்த பிறகு மூட மறுத்தது. மூட முடியாத குடையை யார் வாங்குவார்கள்? கடைசியில் மெயின் ரோட்டில் பூட்டு ரிப்பேர் செய்கிறவர், எனக்கென்ன, நான் ராத்திரியும் அங்கேயே விட்டுவிட்டுத்தானே போகப் போகிறேன் என்று எடுத்துக்கொண்டார். அதை விரித்தபடியே எங்கள் கம்பிக்காரரும் அக்காவும் தெருத் தெருவாகத் தூக்கிப் போனார்கள். மஞ்சள் குடை. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். நான் பின்னால் ஐந்தடி தள்ளி, எனக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லாத மாதிரி நடந்தேன். முன்னால் அவர்கள் இரண்டு பேரின் முதுகும் மஞ்சளாக இருந்தது.

ஆனால் இதெல்லாம் பிறகு நடந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் யாருக்கும் எதுவும் தெரியாது. அக்கா லீவு சொல்லியிருந்தாள். நான் ஆபீஸைத் திறந்து விளக்கைப் போடுவதற்குள் போன் அடித்தது. யாருக்கோ கார்டு காணவில்லை போலிருக்கிறது, காலங்காலையிலேயே உயிரை எடுக்கிறார்கள் என்று எடுத்தேன். அவர் சம்சாரம்.

"கிளம்பிட்டாருங்க" என்றார்.

அதைச் சொல்வதற்குத்தான் கூப்பிட்டாராம்.